எம்எக்ஸ் எந்தப் பக்கம்?

ஒரே டொமைன், பாதிப் பேரின் அஞ்சல்பெட்டி ஆபீஸ் சர்வரில், மீதிப் பேருடையது மைக்ரோசாஃப்ட் 365 கிளவுடில். டொமைனுக்கு வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு எதைக் காட்ட வேண்டும்?

ஆபீஸ் சர்வரைக் காட்டினால் கட்டுப்பாடு நம் கையில். ஆனால் கரண்ட் போனால் கிளவுடில் இருப்பவருக்கும் மெயில் வராது. கிளவுடுக்குத் தள்ளிவிடும் மெயில் நம் ஐபியிலிருந்து போவதால் எஸ்பிஎஃப் சோதனையிலும் (அனுப்பியவரின் டொமைன் அனுமதித்த ஐபியிலிருந்துதான் மெயில் வந்ததா என்று பார்ப்பது) இடறும்.

கிளவுடைக் காட்டுவதே என் தேர்வு. ஸ்பேம் வடிகட்டும் தலைவலி அவர்களுக்கு. ஆனால் அங்கே டொமைனை 'அத்தாரிட்டேட்டிவ்' (எல்லா முகவரியும் இங்கேயே உண்டு) என்றே விட்டால், தன் பட்டியலில் இல்லாத ஆபீஸ் பயனர்களுக்கு வரும் மெயிலைக் கிளவுடு 550 பிழையோடு (அப்படி முகவரி இல்லை என்று) திருப்பிவிடும். 'இன்டர்னல் ரிலே' (இங்கே இல்லாத முகவரி வேறு சர்வரில் இருக்கலாம்) என்று மாற்றி, ஆபீஸ் சர்வருக்கு மெயிலை அனுப்ப ஒரு கனெக்டர் போடுங்கள்.

அப்புறம், ஆபீஸ் சர்வரும் தெரியாத முகவரியையெல்லாம் கிளவுடுக்கே அனுப்பும்படி வைக்காதீர்கள். எழுத்துப்பிழையான முகவரிக்கு வந்த மெயில் இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி, கடைசியில் பிழையோடு திரும்பும். கிளவுடு பயனர்களை மட்டும் ஒவ்வொருவராக அவரவர் ஆன்மைக்ரோசாஃப்ட் முகவரிக்கு (onmicrosoft.com என்று முடியும் கிளவுடு முகவரி) திருப்பினால் போதும்.