ஆட்டுக்குப் பரண் (இடுக்கு விட்டுப் பலகை அடித்து உயர்த்திய தளம்) நல்லதா, மண் தரை போதுமா?

செலவை மட்டும் பார்த்தால் மண் தரைதான். மேட்டில் ஒரு கொட்டகை, தினமும் கூட்டல், அவ்வப்போது சுண்ணாம்பு, அவ்வளவுதான். வெயில் காலத்தில் குறையே தெரியாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால்தான் வினை, மூத்திரமும் புழுக்கையும் ஊறிய ஈரத்திலேயே ஆடு படுக்கும், குளம்பு அழுகும், அந்த ஈரத்தில் கிருமி பெருகி முதலில் குட்டிகளுக்குத்தான் ரத்தக்கழிச்சல் வரும்.

பரணில் புழுக்கை இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடுவதால் தரை காய்ந்தே இருக்கும், அம்மோனியா நெடியும் குறைவு. ஆனால் இடைவெளி 1 முதல் 1.5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், மலிவாக முடியுமே என்று பலகைகளை அகல இடைவெளி விட்டு அடித்தால் குட்டியின் கால் மாட்டும். கீழே சேர்வதை அள்ளாமல் விட்டால் நெடி மேலேதான் வரும் (இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்). நடமாட்டம் குறைவதால் குளம்பு நீளும், வெட்டிவிட வேண்டும்.

பகலில் மேயவிடுகிற நாலைந்து ஆட்டுக்குப் பரண் தேவையில்லை. கொட்டிலிலேயே தீவனம் போட்டு 30, 40 வளர்ப்பவர் கடன் வாங்கியாவது பரண் போடலாம் என்பேன். பரணோ மண் தரையோ, ஆட்டுக்கொல்லி (PPR) என்ற வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி கட்டாயம்.