பழைய டீசல் பிக்கப்: ஃபோர்டு 6.0-வா, டாட்ஜ் கம்மின்ஸ் 5.9-ஆ?

அமெரிக்கச் சந்தையில் 1998 வரை வந்த டாட்ஜ் ராமின் 12 வால்வு கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினுக்குப் பெரிய பயம் ஒரு சின்ன டவல் பின் (பாகங்களைச் சரியான இடத்தில் பொருத்தும் உலோக முளை). அதிர்வில் நழுவி டைமிங் கியருக்குள் (வால்வுகளை எஞ்சினோடு ஒத்து இயக்கும் பற்சக்கரங்கள்) விழுந்தால் அதன் கூடே உடையும். முன்கவரைக் கழற்றி, அந்தப் பின் வெளியே வராதபடி ஒரு தகட்டைப் போல்ட்டில் இறுக்கினால் சரி.

ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சின் (2003–2007) அப்படியில்லை. ஒன்று கெட்டால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். கூலன்ட்டில் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சேரும் கசடு ஆயில் கூலரை அடைக்கும். கூலன்ட் போதாமல் இஜிஆர் கூலர் (எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விப்பது) விரிசல் விடும். அப்புறம் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவிலுள்ள சீல்) போகும். சிலிண்டரைச் சுற்றி நாலே போல்ட், அழுத்தம் ஏறினால் ஹெட் தூக்கிவிடும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்: ஆயில் சூடு கூலன்ட்டைவிட 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் அதிகமென்றால் கூலர் அடைப்பு.

என் ஓட்டு கம்மின்ஸுக்கே. ஹெட் போல்ட்டுக்குப் பதில் வலுவான ஹெட் ஸ்டட் போட்ட 6.0 மலிவாகக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.