தமிழ்க் குழுவில் விவாதம் நடத்த வாட்சாப் போதுமா, டெலிகிராம் வேண்டுமா? நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடலாம்: விவாதத்துக்கு டெலிகிராம்தான் தோது. ஆனால் மலேசியாவில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், கெப்போங், கிள்ளான் என்று எங்கே போனாலும் நம் ஆட்கள் உட்கார்ந்திருப்பது வாட்சாப்பில். கோயில் நிர்வாகமும் அங்கே, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமும் அங்கே. அதனால் வாட்சாப்பை வைத்துக்கொண்டே சண்டையில்லாமல் ஓட்டுவது எப்படி, எந்த இடத்தில் அது கைவிடும் என்பதுதான் இங்கே முக்கியம். கைப்பேசி, குடும்பம், சட்டம், அரசியல் என நாலும் கலந்து ஓடும் இருநூறு, முந்நூறு பேர் குழுவை மனதில் வைத்து எழுதுகிறேன். இருபது பேர் உள்ள குடும்பக் குழுவுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

வாட்சாப்பின் தீராத குறை வேகம். ஒருவர் இத்தனை நிமிடத்துக்கு ஒரு செய்திதான் போடலாம் என்று கட்டுப்படுத்தும் வசதியே அதில் இல்லை. இரவு ஒன்பதுக்கு ஒரு பேச்சு கிளம்பினால் பத்தரைக்குள் நூற்றுக்கணக்கில் செய்திகள் குவியும். காலையில் எழுந்து வருகிறவர் கடைசி இருபதை மட்டும் படித்துவிட்டுப் பதில் போடுவார். அவர் கேட்டதற்கு நேற்றே பதில் வந்திருக்கும், அது மேலே எங்கோ போயிருக்கும். "படிச்சிட்டு பேசுங்கண்ணே" என்று யாராவது சொன்னதும் விஷயம் போய் மரியாதைப் பிரச்சினை ஆரம்பம்.

இதற்கு நடைமுறையில் பலன் தந்தது, குழு அமைப்பில் செய்தி அனுப்பும் உரிமையை இரவு 11 முதல் காலை 7 வரை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றி வைப்பது. நேரம் குறித்துத் தானாக மாறாது, கையால்தான் மாற்ற வேண்டும். ஆகவே இரவு ஆள் ஒருவர், காலை ஆள் ஒருவர் என்று இரண்டு அட்மின்களாவது வேண்டும். திறக்க மறந்தால் "வாயை அடைச்சிட்டாங்க" என்று வேறு குழுவில் பேச்சு கிளம்பிவிடும். அடுத்தது, யாருக்குப் பதில் சொல்கிறோமோ அவர் செய்தியை இழுத்துச் சுட்டியே பதில் எழுத வேண்டும் என்ற விதி. இது இல்லாமல் மற்ற எந்த விதியும் வேலை செய்யாது.

குரல்பதிவு தனித் தொல்லை. தமிழில் தட்டச்சு செய்யச் சிரமப்படுகிறவர்கள் ஐந்து நிமிடம் பேசி அனுப்புகிறார்கள். கேட்பவர் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் எந்த வரிக்குப் பதில் சொல்வது என்று சுட்ட முடியாது. ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது, கீழே ஒரு வரிச் சுருக்கம் கட்டாயம் என்று வைத்தால் பாதி குறைந்துவிடும். செல்லினம் விசைப்பலகையை இறக்கி, அஞ்சல் முறையில் ஆங்கில ஒலிப்படி அடிக்கச் சொல்லிக் கொடுத்தால் மீதியிலும் கொஞ்சம் குறையும்.

வாக்கெடுப்பு வசதியை யோசித்துப் பயன்படுத்துங்கள். வாட்சாப்பில் யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு தெரியும். வரதட்சணை பற்றி வாக்கெடுப்பு வைத்தால் பெரியப்பா எதற்குப் போட்டாரோ அதற்கேதான் மருமகனும் போடுவார். டெலிகிராமில் பெயர் தெரியாமல் வாக்களிக்க வழியுண்டு, முடிவு வேறு மாதிரி வரும்.

அழிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலான அட்மின்கள் தடுமாறுவது இங்கேதான். அட்மின் ஒரு செய்தியை எல்லாருக்குமாக அழித்தால், அழித்த அட்மினின் பெயர் அந்த இடத்தில் நிற்கும். அதோடு, அந்தச் செய்தியைச் சுட்டி வந்த பதில்களுக்குள் மூல வாசகம் அப்படியே இருக்கும். அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம், நாலு பதிலின் தலையில் அதே வசை உட்கார்ந்திருக்கும். சரியான வரிசை இது: முதலில் முன்பின் செய்திகளோடு, நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பிறகு மூலச் செய்தியை அழியுங்கள். அடுத்து அதிலுள்ள ஒரு தனிச்சொல்லைக் குழுத் தேடலில் போட்டு, சுட்டிய பதில்களையும் அழியுங்கள். கடைசியில் எந்த விதிப்படி நீக்கப்பட்டது என்று ஒரே வரி, அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இரண்டு நாளைத் தாண்டி இழுத்தடித்தால் எல்லாருக்குமாக அழிக்கும் வாய்ப்பே போய்விடும்.

படம் பிடிக்காமல் அழித்தால் நாளை ஒரு புகார் வரும்போது நம்மிடம் ஒன்றும் இருக்காது. மலேசியாவில் அட்மின் பதவி வெறும் அலங்காரம் அல்ல. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு, ஒரு வெளியீட்டில் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று காட்டப்படுபவரை, மாறாக நிரூபிக்கப்படும் வரை, அதை வெளியிட்டவராகவே அனுமானிக்கிறது. வாசகர் கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித் தளத்தின் மீது வந்த நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் இந்தப் பிரிவு பேசப்பட்டது. போலீஸ் தொடர்புகொண்ட 12 நிமிடத்தில் அந்தக் கருத்துகளை அகற்றியும், 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. செய்தி நிறுவனமும் கோயில் குழுவும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனாலும் "நான் எழுதலை, உறுப்பினர்தான் எழுதினார்" என்பது தானாக விடுதலை தரும் வாக்கியமல்ல.

எழுதுகிறவருக்கு, இணையத்தில் மிரட்டல், தொல்லைப் பதிவுகளைத் தண்டிக்கும் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு. முன்பு 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் 2025 பிப்ரவரி முதல் 500,000 ரிங்கிட், சிறை இரண்டாண்டு வரை. 2024 ஜூலையில் டிக்டாக் வசையைத் தொடர்ந்து ஒரு தமிழ்ப் பெண் உயிரை மாய்த்துக்கொண்ட வழக்கில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 100 ரிங்கிட் என்று நாடே கொதித்தது நினைவிருக்கும். அதன் பிறகுதான் குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதுப் பிரிவுகள் வந்தன. ஒருவரைக் குறிவைத்துக் கூட்டமாகக் கேலி செய்வது இனி "சும்மா தமாஷ்" கணக்கில் வராது. குழு விதிகளின் முதல் வரியாக இதைத்தான் போட வேண்டும்.

சட்டம் பேசும்போது நம் குழுக்களில் நடக்கும் பெரிய குழப்பம் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. "மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்கு, 2005 திருத்தம்" என்று ஒரு காணொளி வரும். உண்மைதான், இந்தியாவில். தீபகற்பத்திலும் சரவாக்கிலும் உயில் எழுதாமல் இறக்கும் முஸ்லிம் அல்லாதவரின் சொத்துக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம்தான். வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் துணைக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. கடன் போக 480,000 ரிங்கிட் மிஞ்சினால் மனைவிக்கு 120,000, பெற்றோருக்கு 120,000, மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 80,000. மகன், மகள் வித்தியாசம் இல்லை. பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இந்தக் கணக்கை ஒரு தடவை எழுதி, குழுவின் உச்சியில் நிற்கும்படி பொருத்தி (பின் செய்து) வைத்துவிட்டால் மாதாமாதம் வரும் சண்டை நின்றுவிடும். பிரச்சினை என்னவென்றால் வாட்சாப்பில் பொருத்தும் செய்தி அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், மூன்று செய்திகளுக்கு மேல் இடமில்லை. மாதம் ஒருமுறை யாராவது ஞாபகமாகப் புதுப்பிக்க வேண்டும்.

சட்டக் கேள்வி போடுகிறவர் நான்கு விவரம் தராமல் யாரும் பதில் சொல்லக் கூடாது என்பது நல்ல விதி: எந்த நாடு, எந்த மாநிலம், சம்பந்தப்பட்டவர் முஸ்லிமா இல்லையா, சம்பவம் எந்த ஆண்டு. இப்போது ஏஐயிடம் கேட்டு அப்படியே ஒட்டும் பழக்கம் வேறு வந்துவிட்டது. நீளமாக, யாருமே பேசாத தமிழில், பிரிவு எண்களோடு வரும். சில எண்கள் அந்தச் சட்டத்திலேயே இருக்காது. தலைமைச் சட்டத்துறை அலுவலகத்தின் இணையத்தளத்தில் கூட்டரசுச் சட்டங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. பிரிவைத் திறந்து பார்த்து ஸ்க்ரீன்ஷாட் போட்டால் மட்டுமே ஏற்கப்படும் என்று சொல்லிவிடுங்கள். ஒட்டுகிறவர்களில் பாதிப் பேர் அதோடு ஒதுங்கிவிடுவார்கள்.

குடும்ப விவகாரங்களில் ஆபத்து வேறு. "என் தோழிக்கு ஒரு பிரச்சினை" என்று ஆரம்பித்து, தாமான் (குடியிருப்பு) பெயர், பிள்ளைகள் எண்ணிக்கை, கணவர் வேலை செய்யும் இடம் என்று மூன்றாவது வரியிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். வாட்சாப்பில் பெயரில்லாமல் கேட்க வழியில்லை. கேள்வி முதலில் ஒரு பெண் அட்மினுக்குத் தனியாகப் போக வேண்டும். அவர் ஊர், வேலை, வயது எல்லாம் எடுத்துவிட்டுத் தன் பெயரில் போட வேண்டும். ஃபேஸ்புக் குழுக்களில் பெயர் மறைத்துப் பதிவிட முடியும் என்றாலும் அட்மினுக்கு யார் என்று தெரியும். கேட்கிறவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

இந்தத் தலைப்பில் திரும்பத் திரும்பத் தப்பாகச் சொல்லப்படுபவை சில உண்டு. தாலி கட்டினால் மட்டும் சட்டப்படி திருமணம் ஆகாது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டப்படி பதிவு வேண்டும். கோயிலில் பதிவு செய்தாலும் அங்கே அதிகாரம் பெற்ற துணைப் பதிவாளர் இருக்க வேண்டும். திருமணமான இரண்டு ஆண்டுக்குள் மணவிலக்கு மனு பொதுவாகப் போட முடியாது. ஒருவர் மட்டும் மனு போட்டால் முதலில் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும், இருவரும் ஒப்புக்கொண்டு கூட்டு மனு போட்டால் அந்தப் படி தேவையில்லை. "மூணு வருஷம் இழுக்கும்" என்று பயமுறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. அடி உதை என்று வந்தால் விவாதம் அங்கேயே நிற்க வேண்டும், "அனுசரிச்சுப் போம்மா" என்ற வரிகளை உடனே அழிக்க வேண்டும். தாலியான் காசே என்ற அரசு உதவி எண் 15999ஐக் கொடுங்கள். சமூகநலத் துறை வழங்கும் அவசரப் பாதுகாப்பு ஆணை ஏழு நாளுக்குச் செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தொழில்நுட்பப் பேச்சுதான் இருப்பதிலேயே சுலபம், ஆதாரம் காட்டினால் அடங்கிவிடும். "வைஃபை படு ஸ்லோ" என்று வருகிறவரிடம் என்ன பேக்கேஜ், கேபிள் போட்டுப் பார்த்தாரா, எத்தனை மணிக்குச் சோதித்தார், 2.4 கிகாஹெர்ட்ஸா 5ஆ என்று கேளுங்கள். பாதிப் புகார் ரௌட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததில் முடியும்.

அரசியலில் அதிகம் கெடுப்பது பழைய தகவல். பதினெட்டு வயதானவர்களை "போய்ப் பதிஞ்சுக்கோ" என்று இன்னமும் விரட்டுகிறார்கள். 2021 டிசம்பர் 15 முதல் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. கட்சி தாவல் பற்றிய சண்டைகளில் 2022 அக்டோபர் 5இல் நடப்புக்கு வந்த தடைச்சட்டத்தை மறந்தே பேசுவார்கள். அரசியல் செய்தி எதுவானாலும் தேதி எழுதாமல் போடக் கூடாது என்று வைத்தால் போதும். இரட்டை அம்புக்குறியோடு வரும், பலமுறை பகிரப்பட்ட செய்திகளுக்குத் தடை. சந்தேகம் என்றால் உண்மை சரிபார்க்கும் செபெனார்ஞா தளத்தில் தேடலாம், தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் ஐஃபா என்ற ஏஐ உதவியாளரிடம் தமிழிலேயே கேட்கலாம். இனம், மதம், அரச அமைப்பு என்ற 3ஆர் விஷயங்களில் "கருத்துச் சுதந்திரம்" என்று வாதிடுகிறவர் தன் சொந்தப் பக்கத்தில் வாதிடட்டும். அட்மினின் கழுத்தை வைத்து வேண்டாம். வாக்களிப்புக்கு முந்தைய நாள் இரவு 11.59க்குப் பிரச்சாரம் முடிகிறது. குழுவையும் அப்போதே பூட்டி, வாக்களிப்பு முடிந்ததும் திறங்கள்.

இனி டெலிகிராம். மெதுநிலை (ஸ்லோ மோட்) வசதியில், ஒருவரின் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் நடுவே சில விநாடி முதல் ஒரு மணி நேரம் வரை இடைவெளி வைக்கலாம். சாதாரண நாளில் ஒரு நிமிடம், அரசியல் சூடானால் 15 நிமிடம். 15 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் மனிதர்கள் ஒரே செய்தியில் முழுதாக எழுதுகிறார்கள், பாதி வசை தானாகவே உதிர்ந்துவிடுகிறது. தலைப்புகளைத் தனித்தனி அறையாகப் பிரிக்கலாம், ஒவ்வொரு செய்திக்கும் இணைப்பு எடுத்து "இதற்குப் பதில் இங்கே இருக்கிறது" என்று காட்டலாம். பங்கீட்டுச் சட்டக் கணக்கைப் பொருத்தினால் அது காலாவதி ஆகாது. தொலைபேசி எண்ணை மறைக்க முடிவதால் பெண்கள் தைரியமாக எழுதுகிறார்கள். வாட்சாப் குழுவில் ஒரு கருத்துச் சொன்ன பெண்ணுக்கு அன்றிரவே தெரியாத எண்களிலிருந்து "ஹாய்" வருவதைச் சொல்லத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. செய்தியைத் திருத்த 48 மணி நேரம் கிடைப்பதால், பதில் வந்த பிறகு மூல வாதத்தையே மாற்றிவிட்டு "நான் எப்போ அப்படிச் சொன்னேன்" என்பவர்கள் கிளம்புவார்கள். பதில் வந்தபின் திருத்தக் கூடாது, கீழே புதிதாக எழுத வேண்டும் என்று விதி போடுங்கள். அட்மின்களுக்கான அண்மை நடவடிக்கைப் பதிவில் திருத்தத்துக்கு முந்தைய வாசகம் தெரியும், ஆனால் அதுவும் 48 மணி நேரம்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் வரமாட்டார்கள், வந்தாலும் அறிவிப்பை அணைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். அதனால் வாட்சாப்பை அறிவிப்புக்கும் கைப்பேசிப் பேச்சுக்கும் வைத்துக்கொண்டு, சட்டத்தையும் குடும்பத்தையும் மட்டும் டெலிகிராமுக்கு நகர்த்துவது தேறுகிற ஏற்பாடு. அரசியலை எங்கே வைப்பது என்பது உங்கள் அட்மின்களின் தூக்கத்தைப் பொறுத்தது.

டெலிகிராமுக்குப் போனால் மோசடிக்காரர்களும் கூடவே வருவார்கள். அட்மினின் படத்தையும் பெயரையும் அப்படியே எடுத்துக்கொண்டு, உறுப்பினர்களுக்குத் தனிச்செய்தியில் முதலீடு, கடன் என்று ஆரம்பிப்பார்கள். உறுப்பினர் பட்டியலை மறைத்து வையுங்கள். அட்மின்கள் பணம் பற்றித் தனிச்செய்தி அனுப்ப மாட்டார்கள் என்று பொருத்தி வையுங்கள். யாராவது பணம் அனுப்பியே விட்டால் குழுவில் எழுதி ஆறுதல் தேடும் முன் வங்கிக்கும், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997க்கும் அழைக்கச் சொல்லுங்கள். போலீஸ் புகார் அதற்கடுத்து.