கோள் வரைவதற்கான ‘முழு செட்’: பலகை நல்லது, தாள்தான் சரியில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகையும் பென்சில்களும் கொடுத்த காசுக்குத் தகும், தாள் தகாது, சிவப்பு விளக்கு இல்லாமலே இருந்திருக்கலாம். மொத்தம் 7,800 ரூபா, கூரியர் காசு தனி. தொலைநோக்கியில் பார்த்தபடியே கோள்களைக் கையால் வரைபவர்களுக்கு வேண்டிய எல்லாம் ஒரே பெட்டியில் என்று விளம்பரம். விற்பவர் கொழும்பிலேயே இருக்கும் ஒரு தனி ஆள். பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் சிறிய முயற்சி, பேச்சும் மரியாதையாக இருந்தது, இரண்டு நாளில் பெட்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் சாமான் எப்படி என்று கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

பெட்டிக்குள்ளே: ஏ5 அளவில் ஒரு பலகை, அதன் தலையில் கிளிப், கிளிப்போடு வளையும் கழுத்துள்ள சிவப்பு விளக்கு, 2எச் முதல் 6பி வரை ஐந்து பென்சில், காகிதத்தை இறுக்கிச் சுருட்டிக் கூராக்கிய குச்சி இரண்டு (ஓவியச் சாமான் கடையில் ஸ்டம்ப் என்று கேட்டால் தருவார்கள்), பிசைகிற ரப்பர், ஒரு பெட்டி கலர் பென்சில், கோளை உள்ளே வரைய வட்டம் அச்சடித்த தாள்கள் ஒரு கட்டு, ஒரு சின்னக் கைந்நூல்.

என்னிடம் இருப்பது 150 மில்லிமீற்றர் டொப்சோனியன், அதாவது கையால் தள்ளித் திருப்புகிற ஆடித் தொலைநோக்கி, குவிய நீளம் 1200. பாவித்த இடம் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் மொட்டை மாடி. பக்கத்தில் ஓடும் பெருந்தெருவான காலி வீதியின் வெளிச்சம் முழுக்க முகத்தில் அடிக்கும், பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகள் ஓயாமல் இரையும், நுளம்பு வேறு. இதற்குள் என்ன வானியல் என்று கேட்காதீர்கள். விண்முகில்களுக்கும் பால்வீதிக்கும்தான் இருட்டு வேண்டும், கோள்களுக்கு வேண்டியது அசையாத காற்று. நம்முடைய அகலாங்கு 7 பாகைதான் என்பதால் கோள்கள் தலைக்கு மேலே வரை ஏறி வரும், அடிவானத்துப் புழுதிக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. 2026 ஜனவரி 10ஆம் திகதி வியாழன் எதிரமைவுக்கு (பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிரே) வந்தபோது மிதுனத்தில் நின்றது, உச்சியில் ஏறத்தாழ 75 பாகை உயரம். லண்டன்காரர்கள் இதைக் கேட்டால் வயிறு எரிவார்கள்.

சரி, பலகை. இதுதான் செட்டில் ஆகச் சிறந்த சாமான். டொப்சோனியனில் வானத்தோடு சேர்ந்து திரும்ப மோட்டர் இல்லை, 120 மடங்கு பெருக்கிப் பார்த்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் வியாழன் காட்சிப் புலத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகர்ந்து மறைந்துவிடும், ஆகவே ஒரு கை எப்போதும் குழாயைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வரைவதற்கு மற்றக் கை மட்டும்தான். அப்போது பலகை மடியில் வழுக்கினால் எல்லாம் போச்சு. இந்தப் பலகையின் பின்பக்கம் மெல்லிய ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள், தொடையில் வைத்தால் அப்படியே நிற்கிறது. ஓரத்தில் பென்சில் செருக ஒரு பள்ளம். யோசித்துச் செய்த கை தெரிகிறது.

பென்சில்களில் 2எச்சை வெளியே எடுக்கவே வேண்டாம், ஈரக் காற்றில் தாளைக் கீறத்தான் உதவும். உண்மையில் வேலை செய்வது எச்பியும் 2பியும் ஸ்டம்ப்பும். ஸ்டம்ப்பின் நுனியை 2பி கிறுக்கிய துண்டுத் தாளில் தேய்த்து, அந்தக் கரியை வைத்தே வியாழனின் குறுக்கே ஓடும் கரும்பட்டைகளைப் போட வேண்டும். பென்சிலால் நேரடியாகப் பட்டை போட்டால் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் வரும், வியாழனில் அப்படி எந்த விளிம்பும் கிடையாது. பிசைகிற ரப்பரை நுனியாக உருட்டி ஓரிடத்தில் அழுத்தி எடுத்தால் பட்டைகளுக்கு இடையிலான வெளிச்சமான வலயம் தாளிலிருந்து எழும்பி வரும். வியாழனின் நிலவான அயோவின் நிழல் கோளின் மேல் கரும்பொட்டாக ஊர்கிற இரவுகளில் அதற்கு மட்டும் 4பி, ஒரே அழுத்து. ஆனால் இந்தத் தாளில் அந்த ஒரு அழுத்துக்கே நார் கிளம்பிவிடுகிறது. அங்கேதான் என் முறைப்பாடு ஆரம்பம்.

தாள் மெல்லியது. காலையில் பெட்டியைத் திறந்தால் மொறுமொறு என்று இருக்கும், இரவு ஒன்பது மணிக்கு மாடியில் அரை மணித்தியாலம் வைத்தால் ஓரம் சுருண்டு துவண்டுவிடும். அதோடு, அழகுக்காக வட்டத்தைச் சுற்றிக் கறுப்பு வானம் அச்சடித்திருக்கிறார்கள், அதுவும் இங்க்ஜெட்டில். வேர்த்த உள்ளங்கையின் ஓரம் பட்டதும் கறுப்பு மை கிளம்பி வட்டத்துக்குள் ஒரு சாம்பல் தீற்றல் விழும். பிறகு அது சனியின் நிழலா, என் கை அடையாளமா என்று நீங்களே ஊகிக்க வேண்டியதுதான். கொழும்பில் விற்கிற சாமானைக் கொழும்புக் காற்றில் ஒரு இரவாவது வைத்துப் பார்த்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை, வட்டம். எல்லாத் தாளிலும் கொம்பஸ் வைத்துப் போட்டதுபோல் முழு வட்டம். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அது சரி. வியாழன் வட்டமே இல்லை. பத்து மணித்தியாலத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றுகிற வேகத்தில் நடு பிதுங்கி, துருவங்கள் பதினைந்தில் ஒரு பங்கு அமுங்கிவிட்டன. சிறிய தொலைநோக்கியிலேயே கண்ணுக்குத் தெரிகிற அமுக்கம் அது. முழு வட்டத்தில் வரைந்தால் பட்டைகளுக்கு இடையில் இடைவெளி கூடிப்போகும், கண்ணில் பட்ட அகலத்தைத் தாளில் வைக்கவே முடியாது, எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் வரைவது பொய்யாகத்தான் வரும்.

இதற்கு மருந்து மலிவு. கணினியில் 60 மில்லிமீற்றர் அகலம், 56 உயரம் என்று ஒரு நீள்வட்டம் போட்டு, கொஞ்சம் தடித்த தாளில் லேசர் பிரின்ட் எடுங்கள், கறுப்பு வானம் வேண்டாம், மெல்லிய சாம்பல் கோடு போதும். நான் எடுத்தது எங்கள் தெருமுனைப் போட்டோகொப்பிக் கடையில். கடைக்கார ஐயா முதல் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, மெஷின் இழுத்துப்போட்டுது போல, வட்டம் முட்டையா வந்திருக்கு, காசு வேண்டாம், திரும்ப அடிச்சுத் தாறன்” என்றார். “இல்ல ஐயா, அது அப்பிடித்தான்” என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

சனித் தாளின் கதை இன்னும் மோசம். வளையம் நன்றாக விரிந்த ஒரே ஒரு சாய்வில் மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். வளையத்தின் சாய்வு வருடா வருடம் மாறும், கூடியது ஏறத்தாழ 27 பாகை. 2025 மார்ச்சில் பூமி வளையத் தளத்தைக் கடந்தபோது வளையம் விளிம்பாகிக் காணாமலே போனது, அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லத் திறக்கிறது. இந்த வருடச் சனியை அந்தத் தாளில் வைத்தால் வேறு ஏதோ கோளைப் பார்த்த மாதிரி இருக்கும். சொந்தமாகச் செய்கிறவர்களுக்கு அளவு இதோ: கோளின் அகலம் 1 என்றால் உயரம் 0.9, வெளி வளையத்தின் அகலம் 2.27, வளையத்தின் உயரம் அந்த அகலத்தைச் சாய்வின் சைனால் பெருக்கினால் வருவது. பள்ளிக்கூடத்து ஓ/எல் கணக்குத்தான்.

தாளின் அடியில் பெயர், திகதி, இடம் எழுதக் கோடு இருக்கிறது. நேரத்துக்கு இல்லை! திகதி மட்டும் போட்ட வியாழன் படம் சுவரில் மாட்டத்தான் உதவும். வியாழன் பத்து நிமிடத்தில் 6 பாகை திரும்பிவிடுகிறது, நடுக்கோட்டில் இருந்த சிவப்புப் பொட்டு (வியாழனில் ஓயாத ஒரு பெரும் புயல்) நீங்கள் பென்சில் சீவி முடிப்பதற்குள் தள்ளிப்போயிருக்கும். ஆகவே பட்டைகளை முதலில் ஆறுதலாகப் போட்டுவிட்டு, பொட்டு, முடிச்சு, நீலச் சாம்பல் இழைகள் ஆகியவற்றின் இடத்தை ஒரே மூச்சில், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் குறித்து, அந்த நேரத்தை உலக நேரத்தில் எழுதி வைக்க வேண்டும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழித்தால் சரி. நிழலையும் நளினத்தையும் பிறகு சேர்க்கலாம். செவ்வாயில் இவ்வளவு அவசரம் இல்லை, அது ஒரு சுற்றுச் சுற்ற 24 மணித்தியாலம் 37 நிமிடம் எடுக்கும்.

திசையிலும் ஒரு வில்லங்கம். தாளின் தலையில் ‘தெற்கு’ என்று அச்சடித்திருக்கிறது. ஐரோப்பாவில் தெற்கே பார்த்து நின்று, தலைகீழாகக் காட்டும் குழாயில் வரைந்தவர்களின் வழக்கம் அது. கொழும்பில் வியாழன் உச்சிக்கு வடக்கே போகும்போது கதையே மாறிவிடும், டொப்சோனியனில் நீங்கள் எந்தப் பக்கம் கதிரை போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இன்னும் மாறும். அச்சடித்ததை வெட்டிவிட்டுக் குழாயைத் தள்ளாமல் விடுங்கள், கோள் எந்த விளிம்பால் வெளியேறுகிறதோ அது மேற்கு. குழாயை வடக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் புதிய வானம் உள்ளே வருகிற விளிம்பு வடக்கு. இரண்டு அம்புக்குறி, முடிந்தது.

விளக்குக்கு வருவோம். மங்கலான விண்முகில் தேடுபவருக்குச் சிவப்பு வெளிச்சம் கட்டாயம், இருட்டுக்குப் பழகிய கண்ணை அது அதிகம் கெடுக்காது. வியாழன் கண்ணுக்குள் அடிக்கிற பிரகாசத்துக்கு இருட்டுப் பழக்கம் அவ்வளவு வேண்டியதில்லை, காலி வீதி அதை எப்படியும் விடாது. மங்கலான வெள்ளை வெளிச்சமே போதும், நிறங்களும் அதில்தான் சரியாகத் தெரியும். இதில் பெரிய பகிடி என்னவென்றால் இதே பெட்டிக்குள் கலர் பென்சிலும் வைத்திருக்கிறார்கள். சிவப்பு விளக்கின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள், கோடு எங்கே என்றே தெரியாது. செம்மஞ்சளும் அதே கதி. செவ்வாயை வரையச் சொல்லித் தந்த நிறங்கள் செவ்வாயை வரைகிற வெளிச்சத்தில் மறைகின்றன. கலர் பென்சிலை அக்காவின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

கைந்நூலில் எழுதியிருப்பது பரவாயில்லை, மாதிரிப் படங்கள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. விண்கலம் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தவை போலிருக்கின்றன. புதிதாக வருகிற பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஐபீஸில் (தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லை) கண்ணை வைத்தால், மங்கலான இரண்டு பட்டையைக் கண்டு ஏமாந்துபோகும், அல்லது அதைவிட மோசமாக, காணாததையும் சேர்த்து வரையும். செவ்வாயில் கால்வாய் இருக்கிறது என்ற கதை வந்தது இப்படித்தானே. 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாப்பரெல்லி கோடுகளை வரைந்தார், பிறகு கோடு தேடிய கண்ணுக்கெல்லாம் கோடு தெரிந்தது. 1909இல் அன்டோனியாடி என்ற வானியலாளர் பாரிசுக்குப் பக்கத்தில் மெடோன் ஆய்வகத்தின் 83 சென்ரிமீற்றர் தொலைநோக்கியில் நல்ல காற்றில் பார்த்தபோது அந்தக் கோடுகள் சின்னச் சின்னத் திட்டுகளாகக் கலைந்துபோயின. வெறும் தாளைக் கொடுத்து, தெரிந்ததை மட்டும் போடு என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கைந்நூல் எவ்வளவோ மேல்.

மாதிரி வேண்டும் என்றால் நம் நாட்டிலேயே இருக்கிறதே. பேர்சி மோல்ஸ்வர்த், 1867இல் கொழும்பில் பிறந்தவர், பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர். திருகோணமலையில் பன்னிரண்டரை அங்குலத் தொலைநோக்கி வைத்து வியாழனையும் செவ்வாயையும் வரைந்து தள்ளியவர். 1901இல் வியாழனின் தெற்குப் பகுதி மேகங்களில் ஒரு கரிய குழப்பத்தை முதலில் கண்டு குறித்தார், அது ஏறத்தாழ நாற்பது வருடம் நீடித்தது. 1908இல் திருகோணமலையிலேயே இறந்தார். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். கைந்நூலில் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, அதற்குப் பதிலாக அட்டையில் ஒரு ரொக்கெட் படம்.

போனில் வீடியோ எடுத்து, அதன் நல்ல படங்களைக் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் இதைவிட நல்ல படம் வருமே என்று கேட்பார்கள். வரும், எடுங்கள். அரை மணித்தியாலம் ஒரே பட்டையை உற்றுப் பார்க்கிற ஆசை உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி.

எழுதும் சாமான் எதுவுமே வீட்டில் இல்லை, கடை கடையாக ஏறி இறங்க நேரமும் இல்லை என்றால் வாங்கலாம், தாளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். ஏற்கெனவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் பென்சில் இருக்கும், ஸ்டம்ப்பும் பிசைகிற ரப்பரும் மட்டும் வாங்கினால் ஆயிரம் ரூபாவைத் தாண்டாது. வியாழத் தாளை நீள்வட்டமாக்கச் சொல்லியும், நேரத்துக்கு ஒரு கோடு போடச் சொல்லியும் விற்பவருக்கு எழுதினேன், அடுத்த அச்சில் பார்ப்பதாகச் சொன்னார். பலகையை மட்டும் தனியாக விற்பீர்களா என்றும் கேட்டேன், நண்பர் ஒருவருக்கு வேண்டும். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.