அப்பாயின்ட்மென்ட் மென்பொருளுக்குச் சந்தா கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கீழக்கரையில் இருந்துகொண்டு ஐஸ் பிளான்ட்டுகளுக்கும், மீன் கம்பெனிகளுக்கும், வளைகுடாவில் கடை வைத்திருக்கும் நம்மூர்க்காரர்களுக்கும் பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. முதலீட்டாளர் என்று யாரும் இல்லை. இந்த மாதம் வரும் பணத்தில்தான் அடுத்த மாதம் ஓடுகிறது. டெமோவுக்கும் பயிற்சிக்கும் வாடிக்கையாளர்களே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக நாங்கள் வாங்கிய அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் எங்களை எப்படி வஞ்சித்தது என்பதை, இதே தேவையோடு விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் விற்ற நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இந்தக் கரையில் வியாபாரம் பேசுவதற்கு ஒரு பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மண்டபத்திலும் பாம்பனிலும் இராமேஸ்வரத்திலும் ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர்களுக்கும் மீன் வியாபாரிகளுக்கும் கணினி முன் அமர்ந்து ஒரு மணி நேரம் பேச அவகாசம் கிடைப்பது அப்போதுதான். தடை முடிந்து படகுகள் இறங்கிவிட்டால் அவர்கள் போனைக்கூட எடுக்க மாட்டார்கள். ஆகவே, ஆண்டின் விற்பனையில் பெரும்பகுதிக்கான டெமோக்களை அந்த இரண்டு மாதங்களுக்குள் அடுக்கியாக வேண்டும். மென்பொருள் தேடியதும் அதற்காகத்தான்.

விளம்பரத்தில் ‘மாதம் 299 ரூபாய், எஸ்எம்எஸ் நினைவூட்டல் வரம்பின்றி, எந்த நாட்டு நேரத்துக்கும் தானாக மாறும்’ என்று போட்டிருந்தார்கள். இவை அனைத்தும் அந்த விலையிலேயே அடங்குமா என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டோம். அடங்கும் என்று விற்பனைப் பிரதிநிதி எழுத்தில் பதில் தந்தார். இலவச சோதனைக் காலத்துக்கே கார்டு எண் கேட்டார்கள். தானாகப் பணம் எடுக்க வங்கியில் பதிவாகும் அனுமதியில் உச்சத்தொகை 15,000 ரூபாய் என்று இருந்ததைச் சுட்டிக்காட்டியபோது, அது வழக்கமாகப் போடும் வரம்புதான், எடுக்கப்போவது 299 மட்டுமே என்றார்.

சோதனைக் காலம் முடியும் தறுவாயில், 12,701 ரூபாய் 52 பைசா எடுக்கப்படும் என்று வங்கியிடமிருந்து ஒரு சனிக்கிழமை இரவு குறுஞ்செய்தி வந்தது. மறுநாள் மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணை யாரும் எடுக்கவில்லை. வங்கியின் செயலியில் அந்த அனுமதியைத் தேடிப்பிடித்து ரத்து செய்வதற்குள் பணம் போய்விட்டது. பிறகு வந்த பில்லைப் பார்த்தபோதுதான் கணக்கு விளங்கியது: 299 என்பது ஒரு நபருக்கான விலை, நாங்கள் மூன்று பேர், பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே தவணை, ஆக 10,764 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,937 ரூபாய் 52 பைசா. ‘ஒரு நபருக்கு’ என்பதோ ‘ஆண்டுக் கட்டணம்’ என்பதோ விலைப்பட்டியலில் எங்கும் இல்லை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறோம். பதிவு செய்யும்போது ஒருமுறை ஓடிபி கொடுத்துவிட்டால், பொதுவாக 15,000 ரூபாய் வரையிலான தொடர் கட்டணங்களுக்கு மறுபடி ஓடிபி கேட்கத் தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முன்னறிவிப்பு மட்டும் 24 மணி நேரத்துக்கு முன்பே வர வேண்டும். அந்த உச்சத்தொகை ஏன் 15,000 என்று வைக்கப்பட்டது என்பது இப்போது புரிகிறது.

பணத்தைவிட எங்களைப் பாதித்தது அதன் பிறகு நடந்தது. நினைவூட்டல் எஸ்எம்எஸ் ஒன்றுகூட யாருக்கும் போகவில்லை. கேட்டால், வணிக எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவு வேண்டும், நிறுவனத்தின் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் நீங்களே தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். விதி உண்மையானதுதான்; ஆனால் அதை விற்கும் முன் சொல்லாமல், தடைக்காலம் பாதி கடந்த பிறகு சொன்னதை எப்படி ஏற்பது?

நேரக் குளறுபடி அதைவிட மோசம். ஷார்ஜாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர், முன்பதிவுப் பக்கத்தில் காலை 10 மணி என்று கண்டதைத் தம் ஊர் நேரம் என்று நினைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது இந்திய நேரம் என்று பக்கத்தில் ஓர் எழுத்தும் இல்லை. அமீரக நேரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், நாங்கள் 10 மணிக்குக் காத்திருந்தபோது அங்கே எட்டரை. அவர் வந்தபோது இங்கே பதினொன்றரை, நாங்கள் மண்டபத்து ஐஸ் பிளான்ட் ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தோம். “தம்பி, வரச் சொல்லிவிட்டு ஆளில்லாமல் போனால் எப்படி?” என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். வேற்றூர் நேரத்துக்குத் தானாக மாறும் வசதி அடுத்த விலைத் திட்டத்தில்தான் உண்டு என்று பிறகு பதில் வந்தது.

விலகிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தபோது, வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண், குறித்த தேதி ஆகியவற்றை எக்செல்லில் திறக்கக்கூடிய ஒரு சிஎஸ்வி கோப்பாக எடுக்கும் பொத்தானும் அதே உயர் திட்டத்துக்குள் பூட்டப்பட்டிருந்தது. கணக்கை மூடினால் அனைத்தும் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கை வேறு. எங்கள் வாடிக்கையாளர் பட்டியலை நாங்களே பணம் கொடுத்து மீட்க வேண்டிய நிலையில், அலுவலகத்துப் பெண் ஒருவர் திரையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கையால் எழுதி எடுத்தார்.

எனவே, விலையைப் பார்ப்பதற்கு முன் வெளியேறும் வழியைச் சோதியுங்கள். சோதனைக் காலத்திலேயே மூன்று பொய்ப் பெயர்களைப் பதிவு செய்து, அவற்றைக் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வளைகுடாவில் இருக்கும் உறவினர் ஒருவரை அங்கிருந்தே நேரம் குறிக்கச் சொல்லுங்கள். மென்பொருளில் கணக்கை மூடினாலும், வங்கியிலோ யுபிஐ செயலியிலோ பதிவான ஆட்டோ டெபிட் அனுமதியைத் தனியாகப் போய் ரத்து செய்யுங்கள். இலவச சோதனைக்கே கட்டண விவரத்தைக் கட்டாயமாகக் கேட்பதும், விலையின் ஒரு பகுதியை மறைத்து வைத்துக் கடைசியில் காட்டுவதும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் தடை செய்யப்பட்டவை. வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று விற்ற நிறுவனத்தார் எங்களிடம் வாதிட்டார்கள். ஆனால், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

இப்போது கூகுள் காலண்டரில் சாதாரணக் கணக்குக்கே இலவசமாகக் கிடைக்கும் ஒரே ஒரு முன்பதிவுப் பக்கத்தை வைத்துச் சமாளிக்கிறோம். எங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சர்வரில் ஈஸி அப்பாயின்ட்மென்ட்ஸ் என்ற, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளை நிறுவும் வேலையும் நடக்கிறது. பிஎச்பி என்ற நிரல் மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளமும் தெரிந்த எவரும் நிறுவிக்கொள்ளலாம், தரவு நம்மிடமே இருக்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த புகாருக்கு, ‘பணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்ற ஒற்றை வரிப் பதில்தான் அந்த நிறுவனத்திடமிருந்து வந்திருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடல், விலைப்பக்கத்தின் படம், பில் ஆகியவற்றோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறோம்.