ஆறு இலக்க எண்ணைக் கேட்டு மெசேஜ் வந்தால் பதில் போடாதீர்கள்

எங்கள் சித்திக்கு வாட்ஸ்அப்பில் யார் என்ன அனுப்பினாலும் பதில் போட்டாக வேண்டும். காலை வணக்கப் படத்துக்குக்கூட ஒரு கைகூப்பு போகும். அந்த நல்ல குணத்தை வைத்தே அவரை ஏமாற்றிவிட்டார்கள்.

கோயில் பஜனைக் குழுவில் இருக்கும் தோழியின் நம்பரிலிருந்து மெசேஜ்: "அக்கா, ஒரு கோட் தவறுதலா உங்க நம்பருக்கு வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்புங்க, அவசரம்." கூடவே 6 இலக்க எண்ணோடு ஒரு எஸ்எம்எஸ். யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதிலேயே இருந்தது, ஆனால் ஆங்கிலத்தில். தெரிந்தவர் கேட்கிறாரே என்று சித்தி அனுப்பிவிட்டார்.

சித்தியின் வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறப்பதற்கான எண் அது. தோழியின் கணக்கும் ஏற்கெனவே இப்படித்தான் பறிபோயிருந்தது. சற்று நேரத்தில் சித்தியின் பெயரில் எல்லோருக்கும் மெசேஜ் பறந்தது: "ஹாய், ஆஸ்பத்திரியில் இருக்கேன், 15,000 ஜிபே பண்ணு, சாயங்காலம் தந்துடறேன்." என் தம்பிக்குச் சந்தேகம் வந்தது. சித்தி அவனுக்கு "கண்ணா" என்று தொடங்காமல் எழுதியதே இல்லை. உடனே போன் போட்டுக் கேட்டான், விஷயம் வெளியே வந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா பணம் அனுப்பியிருந்தார். கஷ்டத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்பது அழகல்ல என்று நினைத்தாராம். அந்தப் பணம் இன்னும் வரவில்லை.

இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்தோம், cybercrime.gov.in என்ற அரசுத் தளத்திலும் புகார் பதிந்தோம். பணம் போனால் முதல் வேலை 1930 தான். திருடன் எடுப்பதற்குள் வங்கியில் முடக்கினால்தான் உண்டு. வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்தால் திருடன் வெளியேறிவிடுவான். ஆனால் அவன் பின் நம்பர் போட்டு வைத்திருந்ததால் சித்தி உள்ளே நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"படிச்சவங்கதானே, இதுகூடத் தெரியாதா?" என்று சிலர் சித்தியிடமே கேட்டார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். திருடியவனை விட்டுவிட்டு அவரைக் குறை சொல்வது என்ன நியாயம்?

முன்பின் தெரியாத நம்பர் எதையாவது கேட்டால் பதில் போடாமல் இருப்பது மரியாதைக் குறைவே இல்லை. "நீங்க யாரு?", "ராங் நம்பர்" என்றுகூட எழுத வேண்டாம், இந்த நம்பரில் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பிளாக் செய்துவிட்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் புகார் கொடுங்கள். தெரிந்தவர் பெயரில் பணமோ எண்ணோ கேட்டால் சாதாரண போன் காலில் கூப்பிட்டு, குரலைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். "இப்போ பேச முடியாது" என்று மெசேஜிலேயே இழுத்தால் கொடுக்காதீர்கள். உண்மையாகவே உதவி தேவைப்படுகிறவர்களும் எழுதாமல் கூப்பிட்டே கேளுங்கள், மற்றவர்களுக்குத் தடுமாற்றம் இருக்காது.

அப்புறம், வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுன்ட் பகுதிக்குப் போய் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை (நீங்களே வைத்துக்கொள்ளும் ஒரு பின் நம்பர்) ஆன் செய்யுங்கள். அது இருந்தால் அந்த 6 இலக்க எண் மட்டும் கிடைத்து யாரும் உள்ளே நுழைய முடியாது. உங்கள் அம்மா, அத்தை போனிலும் இன்றைக்கே போட்டுக் கொடுத்துவிடுங்கள்.