மேட்டு நிலத்தில் கடல் தொட்டி: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு எது ஒத்துவரும்?

கடல் தொட்டி, அதாவது உப்பு நீரில் கடல் மீனும் பவளமும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்த லைட் வாங்கலாம், எந்தப் பவளம் அழகு என்றுதான். அதற்கெல்லாம் சென்னையில் இருந்தாலும் தருமபுரியில் இருந்தாலும் ஒரே பதில். ஊருக்கு ஊர் மாறுவது தண்ணீரும் வெயிலும். நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு, கோடை காட்டம், கடலோ எட்டாத தூரம். அதனால் இங்கே அந்த இரண்டுக்கும்தான் இடம் அதிகம். மற்றவை ஓரிரு பத்தியில் போய்விடும். கணக்கெல்லாம் சுமார் 200 லிட்டர் தொட்டிக்கு.

நானோவா, 200 லிட்டரா

40 லிட்டர் நானோ தொட்டி மேஜை மேலேயே உட்காரும், செலவும் குறைவு. ஆனால் கடல் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கிவிடும். உப்பளவு 35-இல் (ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு) இருக்கும் 40 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானால் அது 35.9 ஆகிவிடும். அதே ஒரு லிட்டர் 200 லிட்டரில் குறைந்தால் 35.2. சித்திரையில் கல்யாணம், காதுகுத்து என்று இரண்டு நாள் வெளியூர் போய்வருகிற வீட்டில் நானோ தாங்காது. சின்னது சுலபம் என்று கடையில் சொல்வார்கள். கடல் தொட்டியில் அது தலைகீழ்.

எடையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர், கல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் கால் டன்னைத் தாண்டும். கீழ்த்தளம், சுவரோரம் நல்லது. கீழ்த்தளம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

கடல் நீரா, உப்புக் கலவையா

கடல் நீர் இலவசம்தான். ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போவதென்றால் 200 கிலோமீட்டருக்கு மேல். சென்னை சுமார் 250. 200 லிட்டர் கடல் நீர் 205 கிலோ. முதல் முறை வண்டி பேசிக் கொண்டுவந்துவிடலாம். வாராவாரம் மாற்றும் நீருக்கு என்ன செய்வது? கரையோரமாக அள்ளினால் ஆற்று வாயும் சாக்கடையும் கலந்ததுதான் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளவும் இறங்கிவிடும்.

உப்புக் கலவை லிட்டருக்கு 35 முதல் 38 கிராம். முதல் நிரப்பலுக்கு ஏழரைக் கிலோ போதும். ரெட் சீ, இன்ஸ்டன்ட் ஓஷன், டிராபிக் மரின் எதுவானாலும் சாஃப்ட் கோரல் (மென் பவளம்) தொட்டிக்குச் சரி. நீல டிரம்மில் தண்ணீரை முதலில் நிரப்பி, உள்ளே சின்ன பம்ப் ஒன்றை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். தண்ணீர் பால் போல வெளுத்து, மெல்லத் தெளியும். உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இறுகும். அது கரையாத கால்சியம். பிறகு எவ்வளவு கலக்கினாலும் திரும்பாது. இரவு முழுக்க பம்ப் ஓடட்டும். காலையில் உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 காட்டினால் தொட்டிக்குப் போகலாம்.

கடையில் விற்கும் கல் உப்பைப் போட்டால் என்ன என்று கேட்க எப்போதும் ஒருவர் இருப்பார். உப்பளத்தில் கால்சியம் பெரும்பாலும் முன்னாலேயே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது, மக்னீசியம் கடைசியில் வடிக்கும் கழிவு நீரோடு போய்விடுகிறது. மிஞ்சுவது சோடியம் குளோரைடு. பவளத்துக்கு வேண்டியதோ லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில் கால்சியம், 1,300 அளவில் மக்னீசியம். மீன் ஒருவேளை சில நாள் தள்ளும், பவளம் தள்ளாது.

எந்தத் தண்ணீரில் கலப்பது

தருமபுரித் தண்ணீர் என்றதும் எல்லோரும் ஃப்ளோரைடு பற்றித்தான் பயப்படுவார்கள். பல்லில் கறை விழுந்த ஒருவராவது இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு, பயம் நியாயம்தான். ஆனால் கடல் நீரிலேயே லிட்டருக்கு சுமார் 1.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இயற்கையாக இருக்கிறது. கடல் தொட்டியைப் பொறுத்தவரை அது பெரிய வில்லன் இல்லை. தொந்தரவு கொடுப்பவை வேறு: வயல் உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட், கிரானைட் பூமியிலிருந்து கரைந்துவரும் சிலிக்கா, பிறகு கடினத்தன்மை. நைட்ரேட் பச்சைப் பாசியைக் கூப்பிடும். சிலிக்கா கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூள் மாதிரி டயட்டம் பாசியைப் படியவைக்கும்.

ஆக நேரடி போர் தண்ணீர் கணக்கிலேயே இல்லை. போட்டி ஆர்.ஓ.வுக்குக் கொடுக்கும் தண்ணீரில்தான். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,500 காட்டும் போர் தண்ணீரை நல்ல மெம்பிரேன் 95 சதவீதம் வடிகட்டினாலும் 75 மிஞ்சும். அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர பின்னால், மிச்ச உப்பையும் உறிஞ்சும் டி.ஐ. ரெசின் வைக்கிறோம். 75-ஐக் கொடுத்தால் ரெசின் சீக்கிரமே நிறம் மாறி உட்கார்ந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் சில நூறில்தான் இருக்கும். மெம்பிரேனைத் தாண்டி வருவது பத்து, இருபது. ரெசின் பல மடங்கு காலம் தாங்கும். ஜப்பான் நிதியில் ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்க வந்து 2013-இல் திறக்கப்பட்ட திட்டம், கடல் தொட்டிக்காரர்களுக்கும் இப்படி உதவுகிறது. அதில் குளோரின் இருக்கும் என்பதால் மெம்பிரேனுக்கு முன்னால் கார்பன் ஃபில்டர் கட்டாயம். குளோரின் மெம்பிரேனைத் தின்றுவிடும். உங்கள் வார்டுக்கு அது வாரம் ஒரு முறைதான் வருகிறதா? ஒரு டிரம் தனியாகப் பிடித்துவையுங்கள், போருக்குப் போகாதீர்கள்.

சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. போதாதா? இங்கேதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். சர்வீஸ் தம்பி வந்து மூடியைக் கழற்றி, உள்ளே செம்பு நிறத்தில் ஒரு குழலைக் காட்டுவார்: "ணா, இது காப்பர் மாடல்ணா, உடம்புக்கு நல்லது." மனுஷனுக்கு எப்படியோ, பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். மீன் நோய்க்குக் கொடுக்கும் காப்பர் மருந்தையே பவளத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. இது போக, டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். அது ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடுகிறது. மெம்பிரேனிலிருந்து வரும் குழாயிலேயே, காப்பருக்கும் கன்ட்ரோலருக்கும் முன்னால், ஒரு டி-ஜாயின்ட் போட்டு தனியாகப் பிடித்து ரெசினுக்குக் கொடுக்க முடிந்தால் வீட்டு ஆர்.ஓ.வே போதும். முடியாவிட்டால் தனி யூனிட்.

20 லிட்டர் கேன் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். ஒரு கேனில் 30, அடுத்ததில் 90 என்று டி.டி.எஸ். ஆடும். பேட்டரி கடை டிஸ்டில்ட் வாட்டர் மீட்டரில் பூஜ்ஜியம் காட்டினால் ஈடுகட்ட ஊற்றலாம், நிரப்பக் கட்டுபடியாகாது.

ஆர்.ஓ.வில் ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் வீணாகும். கோடையில் வாரம் 20 லிட்டர் மாற்றவும், ஆவியானதை ஈடுகட்டவும் சேர்த்து 50 லிட்டர் வேண்டியிருந்தால் 150 லிட்டர் வெளியே போகும். நம் ஊரில் அதை வாய்க்காலில் விட மனசு வராது. கழிவறைக்கும் வண்டி கழுவவும் வைத்துக்கொள்ளலாம். செடிக்கு வேண்டாம், உப்பு கூடியிருக்கும்.

சில்லரா, ஃபேனா, ஏசியா

இந்த ஒரு விஷயத்தில் சென்னைக்காரரை விட நமக்கு அதிர்ஷ்டம். தண்ணீர் மேல் காற்றடிக்கும் சின்ன ஃபேன் குளிர்விப்பதே ஆவியாவதால்தான். காற்றில் ஈரம் குறைந்தால்தான் அது நன்றாக நடக்கும். கடற்கரையில் புழுக்கத்தில் திணறும் அதே ஃபேன், ஏப்ரல் மாத தருமபுரி மதியத்தில் வேலை செய்துவிடும். ஈரம் கூடும் மழைக்காலத்தில் வெயிலும் தணிந்திருக்கும் என்பதால் அப்போது அதற்கு வேலையே இல்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 200 லிட்டரில் ஒரு டிகிரி குறைய 800 சொச்சம். கணக்குப்படி ஒரு லிட்டருக்கு மூன்று டிகிரி. அறைச் சூடு விடாமல் உள்ளே வந்துகொண்டிருப்பதால், நாளெல்லாம் மூன்று நான்கு லிட்டர் ஆவியானால் இரண்டிலிருந்து நான்கு டிகிரி வரை குறைவாக நிறுத்தலாம். 10 வாட் ஃபேன் இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 15 யூனிட்டைத் தொடாது. ஆனால் ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீரைத் தானாகவே ஊற்றும் ஆட்டோ டாப்-அப் இல்லாமல் ஃபேன் வைக்காதீர்கள். ஊற்ற வேண்டியது உப்பில்லாத தண்ணீர்.

தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் நினைத்த டிகிரியில் நிறுத்தும், அதில் சந்தேகமில்லை. 250 வாட் சில்லர் கோடையில் நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 150 யூனிட். 400 யூனிட் வருகிற வீட்டை அது 500-க்கு மேல் தள்ளும். தள்ளினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப் படியின் ரேட்டும் சேர்ந்து மாறும் என்பது இ.பி. பில்லைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை உங்கள் ஹாலில்தான் கக்குகிறது. காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைத்தால் அது தன் சூட்டோடு தானே மல்லுக்கட்டும்.

ஏசி? பெரும்பாலான வீடுகளில் அது இரவில் ஓடுகிறது, தொட்டிக்குத் தேவையோ மதியம் இரண்டு மணிக்கு. தொட்டிக்காகவே ஏசி ஓட்டுவது பணக்கார வேலை.

என் தீர்ப்பு இது: கீழ்த்தளம், அறைச் சூடு 31, 32-க்குள் நிற்கும் என்றால் ஃபேன். மொட்டை மாடிக்குக் கீழே, ராத்திரி பத்து மணிக்கும் தளம் கொதிக்கும் வீடு என்றால் சில்லருக்குப் பணம் எடுத்துவைக்காமல் இறங்காதீர்கள். ஓசூர் கதையே வேறு. 900 மீட்டரை ஒட்டிய உயரம். ஃபேன் தாராளம், ஆனால் மார்கழியில் ஹீட்டர் இல்லாமல் முடியாது.

கல், பவளம்

ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து லைவ் ராக் (கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டியிருக்கும் கல்) வரவழைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். கல் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் குதிரையும் அப்படித்தான். உயிருள்ளதோ செத்ததோ, வைத்திருப்பதே குற்றம், தண்டனை குறைந்தது மூன்று ஆண்டு சிறை. இறக்குமதிச் சரக்கு என்று கைகாட்டினாலும், 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சைட்ஸ் (அரிய உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களுக்குப் பதிவு வேண்டும்.

ஆகவே செயற்கை உலர் கல். லைவ் ராக் உடனே பாக்டீரியாவோடு வரும் என்பது உண்மை. உலர் கல்லில் அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாறும் சுழற்சி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் சற்றுக் குறையும். பதிலுக்கு, வேண்டாத நண்டு, புழு, அயிப்டேசியா என்கிற தொல்லை அனிமோன் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. மணலுக்கு அரகோனைட் என்கிற கால்சியம் மணல். ஆற்று மணல் மலிவுதான், ஆனால் சிலிக்கா.

பவளத்தில் மென் பவளமே நமக்கு ஒத்துவரும்: சோவாந்திட், மஷ்ரூம், லெதர், சீனியா. சட்டச் சிக்கல் குறைவு என்பது ஒரு பக்கம். நாளுக்கு நாள் கால்சியமும் ஆல்கலினிட்டியும் (காரத்தன்மை) அளந்து ஊற்ற வேண்டியதில்லை, 28 டிகிரியையும் பொறுத்துக்கொள்ளும் என்பது மறுபக்கம். சூடு நீடித்தால் பவளம் தன் உடலுக்குள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடலிலேயே அது நடந்தது.

லைட்டும் ஸ்கிம்மரும்

எல்.இ.டி.யா, டி5 டியூப்பா என்றால் எல்.இ.டி.; சூடு குறைவு, நமக்கு அது போதும். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் இல்லாமலும் இரண்டு மூன்று மீனோடு வாரம் பத்து சதவீத நீர் மாற்றத்தில் ஓட்டலாம். நான் வாங்கச் சொல்வேன், கழிவை எடுப்பதற்காக மட்டுமல்ல. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும். ஸ்கிம்மர் காற்றைக் கலந்துகொண்டே இருக்கும்.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நிறுத்துவார்கள். வீட்டில் 150 ஆம்பியர் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் கவலை இல்லை: தண்ணீரைச் சுழற்றும் ரிட்டர்ன் பம்பும் அலை எழுப்பும் வேவ்மேக்கரும் சேர்ந்து 40 வாட், பேட்டரியில் பாதியைக் கணக்கில் எடுத்தாலும் அதுமட்டும் 20 மணி நேரத்துக்கு மேல் ஓடும். சைன் வேவ் இன்வெர்ட்டராகப் பாருங்கள், ஸ்கொயர் வேவில் பம்ப் இரைந்து சூடாகும். இங்கேயும் ஃபேனுக்கு ஒரு மதிப்பெண்: 10 வாட்டை இன்வெர்ட்டரில் போடலாம், சில்லரைப் போட்டால் மத்தியானத்துக்குள் வீடே இருட்டு. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றாவது வைத்திருங்கள்.

கொளத்தூரா, பெங்களூரா

வண்ண மீன் சந்தையான சென்னை கொளத்தூரில் ரகம் அதிகம், விலையில் பேரமும் நடக்கும். ஆனால் பையில் கட்டிய கடல் மீனுக்குப் பயண நேரம்தான் எமன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து 40. தருமபுரிக்காரருக்கு ரயிலும் உண்டு. கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் இல்லை, பஸ்தான். உப்பு, கல், உபகரணம் எங்கிருந்து வேண்டுமானாலும் கூரியரில் வரட்டும். உயிருள்ளதை மட்டும் பெங்களூரில் நேரில் பார்த்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள். முதல் மீனாகப் பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஜோடி கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதன் குஞ்சு பொரிப்பு முறையை உருவாக்கியிருப்பதால் கடலில் பிடித்ததைத் தேடவேண்டியதில்லை. தீனி போடச் சொல்லி, சாப்பிடுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.